காற்றில் தொங்கும் பூட்டு

மலர்க்குழு நண்பர் தொலைபேசியில் அழைத்து, “உன் தொழில் சம்பந்தமா ஒரு கட்டுரை குடுப்பா. பசங்களுக்கும் பிரயோஜனமா இருக்கணும், நம்ம ஆளுங்களுக்கும் போரடிக்கக் கூடாது” என்று கேட்டபோது சற்றுத் தயங்கினேன். நம் மலரில் பேராசிரியர்களின் வாழ்த்துரையும், மரத்தடியில் எடுத்த பேட்ச் புகைப்படமும், விடுதிச் சாம்பாரைப் பற்றிய கவிதையும்தான் வழக்கம். நானோ நெட்வொர்க் இன்ஜினீயர். என் பிழைப்பே “சார், வைஃபை வரலை” என்ற மூன்று சொற்களில் அடங்கியிருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். அந்த மூன்று சொற்களுக்குள் கால் நூற்றாண்டுச் சரித்திரம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து எழுதுகிறேன்.

அறிவிப்புப் பலகையில் சாவி

நான் 2005-09 பேட்ச், ஈ.சி.ஈ. நான் சேர்ந்த 2005-ல்தான், ஜனவரி மாதம், மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை யாரும் தனி உரிமம் இல்லாமல் வெளியிடத்திலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. நம் விடுதி வாசகசாலையில் ஒரு வயர்லெஸ் பெட்டி வந்தது 2007-ல். என் வயது நண்பர்களுக்கு நினைவிருக்கும்: பத்து எழுத்து கொண்ட சாவியை வெள்ளைத் தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மெஸ் பாக்கி பட்டியலுக்குப் பக்கத்தில்! பூட்டும் இருந்தது, சாவியும் வாசலிலேயே தொங்கியது. அப்போது அதைப் பார்த்துச் சிரித்தோம். அந்தப் பூட்டுக்குச் சாவியே தேவையில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பூட்டின் பெயர் டபிள்யூ.இ.பி. ‘வெப்’ என்று சொல்வோம். விரித்தால் ‘வயர்டு ஈக்விவலன்ட் பிரைவசி’. கம்பியில் போகும் செய்திக்கு உள்ள அந்தரங்கம் காற்றில் போகும் செய்திக்கும் கிடைக்கும் என்ற வாக்குறுதி பெயரிலேயே இருக்கிறது. 1997-ல் ஐ.இ.இ.இ. வெளியிட்ட 802.11 தரநிர்ணயத்தோடு பிறந்தது. உள்ளே இருந்த மறையாக்க முறை ஆர்.சி.4, 1987-ல் ரொனால்ட் ரிவெஸ்ட் வடிவமைத்தது. வலுவான மறையாக்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப அமெரிக்கா அந்நாளில் கட்டுப்பாடு வைத்திருந்ததால் ரகசியச் சாவிக்கு 40 பிட்தான் கொடுத்தார்கள். பலகையில் இருந்த அந்தப் பத்து எழுத்து அதுதான். பிற்பாடு 104 பிட் சாவியும் வந்தது.

ஆனால் வெப் செத்தது சாவி குட்டையானதால் அல்ல. ஆர்.சி.4 ஒரு சாவியிலிருந்து நீண்ட குழப்ப எண் வரிசை ஒன்றை உண்டாக்கும். அதைச் செய்தியோடு பிட்டுக்கு பிட் கலந்து அனுப்புவோம். ஒரே வரிசையை இரண்டு செய்திக்குப் பயன்படுத்திவிட்டால், இரண்டையும் ஒன்றோடொன்று கலக்கும்போது குழப்பம் நீங்கி, செய்திகளின் சாயல் வெளியே வந்துவிடும். எனவே ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை மாற வேண்டும். அதற்காகச் சாவியோடு 24 பிட் எண் ஒன்றைச் சேர்த்தார்கள். 24 பிட் என்றால் மொத்தம் 1,67,77,216 எண்கள். பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், தம்பிகளே: 11 எம்.பி.பி.எஸ். வேகத்தில் 1500 பைட் பாக்கெட்டாக இடைவிடாமல் அனுப்பினால், சுமார் ஐந்து மணி நேரத்தில் எல்லா எண்ணும் தீர்ந்து பழைய எண்கள் திரும்ப வரும். சில வயர்லெஸ் கார்டுகள் ஒவ்வொரு முறை போடும்போதும் பூஜ்யத்திலிருந்தே எண்ணத் தொடங்கின. அவற்றுக்கு ஐந்து மணி நேரம்கூட வேண்டாம்.

2000-ல் இன்டெல்லைச் சேர்ந்த ஜெஸ்ஸி வாக்கர், சாவி எவ்வளவு நீளமானாலும் வெப் பாதுகாப்பற்றதே என்று எழுதினார். 2001-ல் பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள் போரிசோவ், கோல்ட்பெர்க், வாக்னர் மூவரும் அதன் ஓட்டைகளை வரிசையாக விளக்கினார்கள். அதே ஆண்டு ஃப்ளூரர், மன்டின், ஷமீர் மூவரும் ஆர்.சி.4 தன் சாவியைக் கையாளும் விதத்திலேயே பலவீனம் இருக்கிறது, காற்றில் போகும் பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்தாலே சாவியைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். நாங்கள் வாசகசாலையில் அந்தப் பெட்டியை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே 2007-ல், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தார் 104 பிட் வெப் சாவியை ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக் காட்டினார்கள்.

இது காகிதத்தோடு நின்ற விஷயமல்ல. அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். என்ற பெரிய கடை நிறுவனத்திலிருந்து குறைந்தது 4.57 கோடி கார்டுகளின் விவரம் திருடுபோனது 2007-ல் வெளியானது. கடைக்கிளை ஒன்றின் பலவீனமான வயர்லெஸ் இணைப்பு திருடர்களுக்கு வாசலாக இருந்தது. நம் நாட்டில் 2008-ல், குண்டுவெடிப்புகளை ஒட்டி வந்த மின்னஞ்சல்கள் மும்பைப் பக்கத்தில் பூட்டாமல் விட்ட வயர்லெஸ் இணைப்புகளின் வழியாக அனுப்பப்பட்டவை என்று போலீசார் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் “வைஃபைக்குப் பூட்டுப் போடு” என்ற பேச்சு இங்கே வீட்டு மட்டத்துக்கு வந்தது.

ஒட்டுப் போட்ட பூட்டும் புதுப் பூட்டும்

வெப் உடைந்துவிட்டது. ஆனால் அதற்குள் லட்சக்கணக்கான கருவிகள் விற்றாகிவிட்டன. எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்ல முடியுமா? எனவே வைஃபை கூட்டமைப்பு 2002 இறுதியில் ஓர் இடைக்கால ஏற்பாட்டை அறிவித்தது. அதுதான் டபிள்யூ.பி.ஏ. உள்ளே அதே ஆர்.சி.4. ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சாவியைக் கலக்கி மாற்றும் டி.கே.ஐ.பி. என்ற முறை, 24 பிட்டுக்குப் பதில் 48 பிட் எண். பழைய கருவியின் சில்லை மாற்றாமல், அதன் உள்மென்பொருளை மட்டும் மாற்றி ஓட்டலாம். டயர் பஞ்சரானால் புது டயர் வரும்வரை ஒட்டுப் போட்டு ஓட்டுவோமே, அது மாதிரி.

புது டயர் 2004 ஜூனில் வந்தது. 802.11ஐ என்ற தரநிர்ணயம். சந்தையில் அதன் பெயர் டபிள்யூ.பி.ஏ.2. ஆர்.சி.4 போய் ஏ.இ.எஸ். வந்தது. 2006 மார்ச்சிலிருந்து வைஃபை முத்திரை வேண்டும் என்றால் இது கட்டாயம் என்றார்கள்.

இங்கேதான் ஆபரேட்டிங் சிஸ்டம் கதைக்குள் வருகிறது. பூட்டு பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது. லேப்டாப்பில் உள்ள மென்பொருளுக்கும் அந்தப் பூட்டின் பாஷை தெரிய வேண்டும். 2008-ல் விடுதிப் பெட்டியை யாரோ புண்ணியவான் டபிள்யூ.பி.ஏ.2-க்கு மாற்றினார். மறுநாள் காலை பாதி விடுதிக்கு இணைப்பு இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்களின் லேப்டாப்பில் அந்தப் பூட்டின் பெயரே பட்டியலில் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2005-லேயே தனியாக ஓர் ஒட்டு கொடுத்திருந்தது; நம்மில் யார் அதையெல்லாம் போட்டோம்? அந்த ஆண்டு வெளிவந்த சர்வீஸ் பேக் 3-ல் அது சேர்ந்தே வந்தது. முந்நூறு எம்.பி.க்கு மேல் கனம். நானும் என் அறைத்தோழனும் அதை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு அறை அறையாகப் போனோம். ஓர் அறைக்கு ஒரு டீ கூலி. நெட்வொர்க் இன்ஜினீயராக நான் வாங்கிய முதல் சம்பளம் அந்த டீதான்!

பிறகு 2017 அக்டோபரில் டபிள்யூ.பி.ஏ.2-க்கும் ஒரு சோதனை வந்தது. பெல்ஜியம் லூவன் பல்கலைக்கழகத்தின் மேத்தி வன்ஹூஃப், ‘கிராக்’ என்ற தாக்குதலை வெளியிட்டார். லேப்டாப்பும் பெட்டியும் இணையும்போது நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொண்டு சாவியை நிச்சயித்துக்கொள்ளும். மூன்றாவது செய்தியை மறுபடி அனுப்பினால், லேப்டாப் ஏற்கனவே போட்ட சாவியையே திரும்பப் போட்டுக்கொண்டு எண்ணிக்கையையும் முதலிலிருந்து தொடங்கும். எண் திரும்பினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம் அல்லவா? வெப் செய்த அதே பாவம் பதினாறு ஆண்டு கழித்து வேறு வாசல் வழியாக வந்தது. லினக்ஸ், ஆண்ட்ராய்டு 6 ஆகியவற்றின் நிலை இன்னும் பரிதாபம். அவை முதல் சாவியை நல்லெண்ணத்தோடு நினைவிலிருந்து அழித்திருந்தன. ஆகவே இரண்டாம் முறை போட்டது முழுக்கப் பூஜ்யங்களாலான சாவி! நல்லவேளை, மென்பொருள் ஒட்டிலேயே இது சரியானது. 2018-ல் டபிள்யூ.பி.ஏ.3 வந்தது.

ஆபீஸ் பூட்டு

இதுவரை சொன்னது வீட்டுப் பூட்டு. எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட். கல்லூரியிலும் ஆபீசிலும் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்ட். பெட்டி வெறும் வாட்ச்மேன். உள்ளே ரேடியஸ் சர்வர் என்ற அதிகாரி உட்கார்ந்திருப்பார். வாட்ச்மேன் உங்கள் சீட்டை அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார், “விடலாம்” என்று அவர் சொன்னால் கதவு திறக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் போன நம் மாணவர்கள் ‘எடுரோம்’ என்று பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த ஏற்பாடுதான். இந்தியாவில் அதை எர்நெட் நடத்துகிறது.

உங்கள் பாஸ்வேர்ட் வாட்ச்மேன் கண்ணில் படக்கூடாது அல்லவா? அதற்காக லேப்டாப்புக்கும் ரேடியஸ் சர்வருக்கும் நடுவே டி.எல்.எஸ். என்ற சுரங்கம் போடப்படும். வங்கி இணையதளத்துக்கு நாம் போகும்போது போடப்படும் அதே சுரங்கம். சர்வர் முதலில் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். அது சரியானதுதானா என்று லேப்டாப் பார்த்த பிறகுதான் பாஸ்வேர்டைச் சுரங்கத்துக்குள் அனுப்ப வேண்டும்.

ஆக, வைஃபை இணைப்பு இப்போது லேப்டாப்பின் டி.எல்.எஸ். மென்பொருளையும் நம்பி நிற்கிறது. அந்த மென்பொருள் ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு வருகிறது. ஆபரேட்டிங் சிஸ்டம் மாறினால் சுரங்கம் தோண்டும் விதி மாறும். எதிர்முனையில் பத்து வருஷமாகத் தூசி படிந்த சர்வர் ஒன்று பழைய விதியையே பிடித்துக்கொண்டு இருக்கும். ரேடியோவில் ஒரு குறையும் இருக்காது, சிக்னல் முழுசாக இருக்கும், பாஸ்வேர்டும் சரியாக இருக்கும். இணைப்பு மட்டும் வராது.

2015 நவம்பரில் விண்டோஸ் 10-க்கு வந்த அப்டேட் இந்தச் சுரங்கத்துக்கு டி.எல்.எஸ். 1.2-ஐப் பேசத் தொடங்கியது. சில ஃப்ரீரேடியஸ் பதிப்புகள் “சரி” என்று தலையாட்டிவிட்டுச் சாவிக் கணக்கைத் தப்பாகப் போட்டன, இணைப்பு அறுந்தது. 2022-ல் விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பு, நிறுவனக் கணிப்பொறிகளில் கிரெடென்ஷியல் கார்டு என்ற காவலைத் தானாகவே இயக்கியது; லாகின் பாஸ்வேர்டையே வைஃபைக்கும் பயன்படுத்திக்கொண்டிருந்த இடங்களில் காலையில் வந்தவர்கள் விழித்தார்கள். அதே 2022 ஏப்ரலில் உபுண்டு 22.04 வந்தது. என் கதை அதோடுதான்.

என் தவறு

2022 மே மாதம். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் முப்பத்தெட்டு லேப்டாப்புகளை வார இறுதியில் உபுண்டு 20.04-லிருந்து 22.04-க்கு மாற்றினோம். கூட இருந்தவன் நம் கல்லூரிப் பையன், எனக்கு ஏழு வருஷம் ஜூனியர். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குத் தொலைபேசி ஓயவில்லை. வைஃபை பாஸ்வேர்ட் கேட்கிறது, போட்டால் மறுபடி கேட்கிறது. கைபேசியில் வருகிறது, விண்டோஸில் வருகிறது, இந்த முப்பத்தெட்டில் மட்டும் வரவில்லை.

டிரைவரைச் சந்தேகப்பட்டோம், மாற்றினோம். பழைய கெர்னலைப் போட்டுப் பார்த்தோம். தலையைப் பிய்த்துக்கொண்டோம். மதியம் பையன்தான் வயர்லெஸ் இணைப்பைக் கவனிக்கும் நிரலின் பதிவேட்டைத் திறந்தான். “அண்ணா, இங்க பாருங்க.” அதில் ஒரே வரி: ‘அன்சேஃப் லெகசி ரீநெகோஷியேஷன் டிஸேபிள்டு’.

அந்த வரியின் பூர்வீகம் 2009. ஓடிக்கொண்டிருக்கும் டி.எல்.எஸ். சுரங்கத்தில் இரு பக்கமும் நிபந்தனைகளை மறுபடி பேசிக்கொள்ளும்போது நடுவில் ஒருவன் புகுந்துவிடலாம் என்று அந்த ஆண்டு கண்டுபிடித்தார்கள். 2010 பிப்ரவரியில் திருத்தம் வெளியானது. திருத்தத்தை ஏற்காத சர்வர்களையும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருள் பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்டது. 2021 செப்டம்பரில் வந்த அதன் 3.0 பதிப்பு இனிப் பொறுப்பதில்லை என்று முடிவெடுத்தது. உபுண்டு 22.04-க்குள் இருந்தது அந்த 3.0. எங்கள் ரேடியஸ் சர்வரோ 2010-க்கு முந்தைய புத்தியிலேயே உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு வருஷமாகக் கட்டாத பாக்கிக்கு அன்று நோட்டீஸ் வந்தது.

பையன் சொன்னான்: “சர்வரை மாத்திடலாம் அண்ணா.” நியாயமான யோசனை. நான் சொன்னது: “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல எல்லாருக்கும் நெட் வரட்டும்.” லேப்டாப் பக்கத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல் அமைப்புக் கோப்பில் பழைய முறையை அனுமதித்து, பாதுகாப்பு மட்டத்தைப் பூஜ்யமாக்கினேன். சான்றிதழ் விஷயமும் அன்று இடக்கு பண்ணியதால், “சான்றிதழ் தேவையில்லை” என்ற கட்டத்திலும் டிக் போட்டேன். ஒரு சின்ன நிரலாக எழுதி அவனிடம் கொடுத்தேன். அவன் தன் லாகினில் முப்பத்தெட்டிலும் ஓட்டினான். நாலு மணிக்கு எல்லோருக்கும் நெட் வந்தது. மேலதிகாரி எனக்குக் கைகொடுத்தார். ‘அப்புறம்’ வரவே இல்லை.

பதினான்கு மாதம் கழித்துத் தணிக்கைக்கு வந்தவர்கள், அலுவலக வைஃபையின் பெயரிலேயே ஒரு போலிப் பெட்டியை வாகன நிறுத்தத்தில் வைத்தார்கள். சான்றிதழ் பார்க்காத லேப்டாப் எதை நம்பாது? மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் எங்கள் லேப்டாப்புகளில் பதினொன்று அந்தப் போலியிடம் போய்த் தங்கள் பாஸ்வேர்டுக்கான பதிலைக் கொடுத்துவிட்டன. அந்தப் பதிலிலிருந்து, லாகினுக்குத் தேவையான சாவியை ஒரு நாளைக்குள் எடுக்கலாம் என்று 2012-லேயே நிரூபித்திருக்கிறார்கள். வந்தவர்கள் நல்லவர்கள், அறிக்கையோடு விட்டார்கள். வேறு யாராவது வந்திருந்தால்?

கூட்டத்தில் பதிவேடு எடுக்கப்பட்டது. மாற்றம் செய்த லாகின் யாருடையது? பையனுடையது. எல்லோர் முன்னிலும் அவனை நிற்க வைத்துக் கேட்டார்கள். அவன் என்னை ஒருமுறை பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. நானும் அந்தக் கூட்டம் முடியும்வரை வாய் திறக்கவில்லை. நாற்பது நிமிடம்.

மறுநாள் காலை மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அவன் பெயர் அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் அந்த நாற்பது நிமிடத்தை நான் எந்த மென்பொருளைப் போட்டு நீக்குவது? அடுத்த சனி, ஞாயிறு இரண்டு பேரும் உட்கார்ந்து ரேடியஸ் சர்வரைப் புதிதாகப் போட்டோம், முறையான சான்றிதழ் வைத்தோம், ஒவ்வொரு லேப்டாப்பிலும் பழைய அமைப்பைத் திருப்பினோம். பதினான்கு மாதம் தள்ளிப்போட்ட வேலைக்கு ஆனது இரண்டே நாள்.

தம்பி, தங்கைகளுக்கு

இணைப்பு வரவில்லை என்றால் முதலில் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். வைஃபை பெயரே தெரியவில்லையா? டிரைவர் அல்லது அலைவரிசை. பெயர் தெரிகிறது, சேர மறுக்கிறதா? பூட்டு வகை ஒத்துப்போகவில்லை. பழைய கருவிக்கு டபிள்யூ.பி.ஏ.3 புரியாமல் இருக்கலாம். வீட்டில் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறதா? பெரும்பாலும் பாஸ்வேர்டே தப்பு. கல்லூரியிலோ ஆபீசிலோ அப்படிக் கேட்டால் சுரங்கத்தைப் பாருங்கள்: சான்றிதழ், டி.எல்.எஸ். பதிப்பு, மறக்காமல் லேப்டாப்பின் தேதி. தேதி தப்பானால் நல்ல சான்றிதழும் காலாவதியாகத் தெரியும். கைபேசியை அப்டேட் செய்ததும் விடுதி வைஃபை மறுக்கிறதா? 2019-ல் ஆண்ட்ராய்டு 10-ம், 2020-ல் ஐ.ஓ.எஸ். 14-ம் கருவியின் முகவரியை மாற்றிக் காட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தன. நீங்கள் பதிவு செய்த முகவரி இப்போது வேறாக இருக்கும். எதைத் தொடுவதற்கு முன்பும் பதிவேட்டைப் படியுங்கள். நாங்கள் காலையிலிருந்து தேடியது அந்த ஒரே வரியில் இருந்தது.

அவசரத்துக்குப் பூட்டைத் தளர்த்த வேண்டிய நாள் உங்களுக்கும் வரும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். டபிள்யூ.பி.ஏ.வே அப்படி வந்த ஒட்டுதான். ஆனால் அதற்குப் பின்னால் டபிள்யூ.பி.ஏ.2 வந்துகொண்டிருந்தது. நீங்களும் தளர்த்தும் அன்றே, எந்தத் தேதியில் இறுக்கப் போகிறீர்கள் என்று எழுதி, உங்கள் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போடுங்கள். ஜூனியர் லாகினில் ஓட்டாதீர்கள்.

அந்தப் பையன் இப்போது வேறு நிறுவனத்தில், என்னைவிடப் பெரிய பொறுப்பில் இருக்கிறான். இந்தச் சந்திப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். தனியறையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் அவன் தலைகுனிந்தது பத்துப் பேர் முன்னால். அதனால்தான் நம் எல்லோர் கையிலும் இருக்கும் இந்த மலரில் எழுதினேன். தம்பி, வந்ததும் முதல் டீ என் கணக்கு.

எல்லோரையும் சந்திப்பில் பார்ப்போம். விடுதி வாசகசாலைப் பக்கம் போகிறவர்கள் அறிவிப்புப் பலகையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள். சாவி ஒட்டியிருந்தால் கிழித்துவிடுங்கள்.